ரோஸ்டர் நிரம்பியதும் வேலை முடிந்துவிடுமா?

14 ஜூன் 2025

வாசகர் ஒருவரின் கேள்வி: “தமிழ்நாட்டில் 69 விழுக்காடு இட ஒதுக்கீடு இருக்கிறது. அதற்குள் பெண்களுக்கு 30 விழுக்காடு. ரோஸ்டரை (எந்தப் பணியிடம் எந்தப் பிரிவினருக்கு என்ற வரிசைப் பட்டியலை) ஒழுங்காகப் போட்டு ஆள் எடுத்தாலே பல்கலைக்கழகத்தில் எல்லாத் தரப்பு ஆசிரியர்களும் வந்துவிடுவார்கள். அப்புறம் எதற்கு ஆசிரியர் மேம்பாடு, பன்முகத்தன்மை என்று தனியாக ஒரு பிரிவு, அதற்கு ஓர் இயக்குநர், ஒரு பேனர்? அந்தக் காசில் இன்னும் இரண்டு பேரை வேலைக்கு எடுக்கலாமே?”

கடைசி வாக்கியத்தோடு எனக்குச் சண்டை கிடையாது. காலிப் பணியிடத்தை நிரப்புவதுதான் முதல் வேலை. ஆனால் ரோஸ்டர் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன்.

நான் மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றில் வேதியியல் சொல்லிக்கொடுக்கிறேன். அதற்கு முன் வேறு ஒரு பல்கலைக்கழகம், அதற்கும் முன் அரசுக் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர். ரோஸ்டர் வழியாக உள்ளே வந்தவள்தான் நானும். பணி நியமன ஆணை கைக்கு வந்த நாளிலிருந்து பேராசிரியர் ஆகும் நாள் வரைக்கும் நடக்கிற எதையும் ரோஸ்டர் தீர்மானிப்பதில்லை. யாருக்கு எந்தப் பேப்பர், யாருக்கு ஆராய்ச்சி மாணவர், யாருக்கு லேபில் எவ்வளவு இடம், யார் பெயர் எந்தக் கமிட்டியில் என்பதெல்லாம் துறைத் தலைவர் அறையில் வாய் வார்த்தையாக முடிவாகிறது. ஆள் தேங்கிப்போவது அங்கேதான்.

விடைத்தாள் திருத்தும் நேரம் இது. கொஞ்சம் கொஞ்சமாக எழுதுகிறேன்.

15 ஜூன் 2025

ரோஸ்டரையே முதலில் பார்த்துவிடுவோம். அதுவும் தானாக ஒழுங்காக ஓடுகிற விஷயம் இல்லை.

2017 ஏப்ரலில் அலகாபாத் உயர் நீதிமன்றம், ஆசிரியர் பணியில் இட ஒதுக்கீடு கணக்கிடும்போது முழுப் பல்கலைக்கழகத்தையும் ஓர் அலகாக எடுக்கக் கூடாது, ஒவ்வொரு துறையையும் தனி அலகாக எடுக்க வேண்டும் என்றது. 2018 மார்ச் 5 அன்று பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) அதையே உத்தரவாக அனுப்பியது. முழுப் பல்கலைக்கழகத்துக்கும் சேர்த்து எண்ணுகிற 200 புள்ளி ரோஸ்டர் போய், துறைவாரியாக எண்ணுகிற 13 புள்ளி ரோஸ்டர் வந்தது.

கேட்க நிர்வாகச் சமாச்சாரம் போலத்தான் இருக்கும். கணக்குப் போட்டால்தான் வயிறு கலங்கும். 13 புள்ளி ரோஸ்டரில் நான்காவது இடம் பிற்படுத்தப்பட்டோருக்கு, ஏழாவது இடம் பட்டியல் சாதியினருக்கு, பழங்குடியினர் முறை வர பதினான்காவது இடம் வரை போக வேண்டும். ஒரு சராசரித் துறையில் ஒரு பேராசிரியர், இரண்டு இணைப் பேராசிரியர், நான்கு உதவிப் பேராசிரியர் என்று ஏழு இடம் இருக்கும். மூன்று பதவிக்கும் தனித்தனிக் கணக்கு. ஆக, ஏழு இடத்தில் ஒன்றே ஒன்று பிற்படுத்தப்பட்டோருக்கு, உதவிப் பேராசிரியர் நிலையில். பட்டியல் சாதி, பழங்குடி இரண்டுக்கும் பூஜ்யம். 

2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்துவிட்டது. டெல்லியில் ஆசிரியர்கள் தெருவில் இறங்கினார்கள். மார்ச் 7 அன்று அவசரச் சட்டம், அதே ஆண்டு ஜூலையில் நாடாளுமன்றத்தில் சட்டம். மறுபடி முழு நிறுவனமும் ஓர் அலகு. எந்த அலகில் எண்ணுவது என்கிற ஒரே வரியை மாற்றியதில் இவ்வளவும் நடந்தது.

இன்னொரு வாசகர் இந்தச் சட்டம் நம் மாநிலப் பல்கலைக்கழகங்களையும் கட்டுப்படுத்தும் என்று எழுதியிருக்கிறார். இல்லை. 2019 சட்டம் மத்தியக் கல்வி நிறுவனங்களுக்கு மட்டும். இங்கே மாநில விதிகளும் 69 விழுக்காடும்தான்.

18 ஜூன் 2025

சரி, வேலையில் சேர்ந்தாகிவிட்டது. முதல் திங்கட்கிழமை என்ன நடக்கிறது?

டைம்டேபிள் கொடுப்பார்கள். யு.ஜி.சி.யின் 2018 விதிப்படி உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரம் வகுப்பு, இணைப் பேராசிரியருக்கும் பேராசிரியருக்கும் 14. காகிதத்தில் எல்லா உதவிப் பேராசிரியருக்கும் அதே 16தான். எந்தப் பதினாறு என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

நான் முதலில் சேர்ந்த பல்கலைக்கழகத்தில் என்னுடைய டைம்டேபிள் எப்படி இருந்தது என்று சொல்கிறேன். திங்கள் முதல் மணி, கடைசி மணி. செவ்வாய் மதியம் பிராக்டிகல். புதன் இரண்டாவது மணி ஒன்று, நான்காவது மணி ஒன்று. வியாழன் மறுபடி மதியம் பிராக்டிகல். வெள்ளி முதல் மணியும் கடைசி மணியும். என்னோடு அதே வாரத்தில் சேர்ந்த இன்னொருவருக்குத் திங்கள், செவ்வாய், புதன் என்று அடுத்தடுத்து வகுப்பு. வியாழனும் வெள்ளியும் முழுக்கக் காலி. இருவருக்கும் 16 மணி நேரம். அவர் துறைத் தலைவரின் பழைய மாணவர்.

வேதியியல் படித்தவர்களுக்கு இது என்ன அர்த்தம் என்று புரியும். ஒரு ரியாக்ஷனை ஏற்றிவிட்டு ஆறு மணி நேரம், எட்டு மணி நேரம் பக்கத்திலேயே இருக்க வேண்டும். மணிக்கொரு தடவை, ரியாக்ஷன் எவ்வளவு தூரம் நடந்திருக்கிறது என்று காட்டும் டி.எல்.சி. பிளேட்டில் புள்ளி வைத்துப் பார்க்க வேண்டும். வெப்பநிலை ஏறினால் ஐஸ் போட வேண்டும். துண்டு துண்டாகக் கிடைக்கிற ஒரு மணி நேரத்தில் அது நடக்காது. அவருக்கு முழுசாக இரண்டு நாள் இருந்தது, எனக்கு ஒரு முழு நாள்கூடக் கிடையாது. மூன்று வருடம் கழித்து இருவருடைய ஆராய்ச்சிக் கட்டுரை எண்ணிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, “பாருங்க, அவர் எவ்வளவு உழைச்சிருக்கார்” என்றார்கள். அவர் உழைத்தார், பொய் இல்லை. உழைக்க அவருக்கு நாள் இருந்தது.

18 ஜூன் 2025, இரவு

மேலே எழுதியதில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். அந்தத் துறைத் தலைவர் கெட்ட மனிதர் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அவர் யாரையும் சாதி கேட்டு நடத்தியதாக எனக்குத் தெரியாது. தெரிந்த பையனுக்கு வசதியான டைம்டேபிள், தெரியாத பெண்ணுக்கு மிச்சம் இருந்தது. அவ்வளவுதான் நடந்தது. ஆனால் யாருக்கு யாரைத் தெரியும் என்பது இந்த ஊரில் எப்படி அமைகிறது? யாருடைய அப்பா கல்லூரியில் வேலை பார்த்தார், யார் யார் வீட்டுக் கல்யாணத்துக்குப் போய்வருகிறார்கள் என்பதை வைத்துத்தானே? வீட்டில் முதல் தலைமுறையாகப் படித்து வந்தவருக்கு அந்தப் பழக்கம் ஒரு நாளும் கிடைக்காது. டைம்டேபிளைத் துறைக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் போட்டிருந்தால் என்னுடையது அப்படி வந்திருக்காது என்று நான் நம்புகிறேன்.

23 ஜூன் 2025

பதவி உயர்வு பற்றிக் கேட்டிருக்கிறார்கள். இதுதான் முக்கியமான இடம், கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

சி.ஏ.எஸ். என்று சொல்கிற பதவி உயர்வுத் திட்டத்தில் பிஎச்.டி. முடித்துச் சேர்ந்தவர் நான்கு வருடத்தில் முதல் படி ஏறலாம். அடுத்த படிக்கு ஐந்து வருடம். பிறகு மூன்று வருடத்தில் இணைப் பேராசிரியர். அதற்கு மேல் மூன்று வருடத்தில் பேராசிரியர். எல்லாம் நேரத்துக்கு நடந்தால் பதினைந்து வருடம்.

பல்கலைக்கழகத்தில் வேலை பார்ப்பவர் இணைப் பேராசிரியர் ஆக என்னென்ன வேண்டும்? ஏழு கட்டுரை, அதில் மூன்று அந்தக் கடைசிக் காலகட்டத்தில் வந்திருக்க வேண்டும். கூடவே ஒரு பிஎச்.டி. மாணவருக்காவது வழிகாட்டியாக இருந்ததற்கு ஆதாரம். பேராசிரியர் ஆக பத்துக் கட்டுரை, ஒருவரையாவது வெற்றிகரமாக பிஎச்.டி. முடிக்க வைத்திருக்க வேண்டும்.

அதாவது ஸ்காலர் (ஆராய்ச்சி மாணவர்) கிடைக்காதவருக்குப் பதவி உயர்வு கிடையாது. அந்த ஸ்காலரை யார் ஒதுக்குகிறார்கள்?

2022 யு.ஜி.சி. பிஎச்.டி. விதிப்படி பேராசிரியர் எட்டுப் பேரையும், இணைப் பேராசிரியர் ஆறு பேரையும், உதவிப் பேராசிரியர் நான்கு பேரையும் ஒரே நேரத்தில் வைத்துக்கொள்ளலாம். இது மேல் எல்லை. கீழ் எல்லை என்று எதுவும் கிடையாது. பெரியவரிடம் எட்டுப் பேர் நிரம்பி, அவர் பெயருக்காக வரிசையில் காத்திருப்பவர்களும் இருப்பார்கள். புதிதாக வந்தவரிடம் ஒருவரும் இருக்க மாட்டார்கள். மாணவர்களைக் குறை சொல்ல முடியாது. ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கிக்கொண்டு வருகிற பையன் யாரிடம் சேர்ந்தால் கருவி இருக்கும், வைவா என்கிற வாய்மொழித் தேர்வு சீக்கிரம் நடக்கும், பிஎச்.டி.க்குப் பிறகான ஆராய்ச்சிக்குச் சிபாரிசுக் கடிதம் கிடைக்கும் என்று விசாரித்துத்தான் வருவான். சீனியர்கள் அவனிடம், “அந்த மேடமா? புதுசு. லேபே இன்னும் செட் ஆகலை” என்பார்கள். ஸ்காலர் இல்லாததால் லேப் செட் ஆகவில்லை, லேப் இல்லாததால் ஸ்காலர் வரவில்லை.

இதை உடைக்க ஒரு வழிதான் எனக்குத் தெரியும். புதிதாகச் சேர்ந்த ஒவ்வொருவருக்கும், கைடாக இருக்கும் தகுதி வந்ததும் (உதவிப் பேராசிரியருக்கு பிஎச்.டி.யும் மூன்று கட்டுரையும் போதும்), அடுத்து வரும் சேர்க்கையில் உதவித்தொகையோடு வருகிற ஒரு மாணவர் இடத்தைத் துறை ஒதுக்கி வைக்க வேண்டும். அந்த இடத்துக்கு விண்ணப்பிக்கிற மாணவருக்குக் கைடு யார் என்பது முன்பே தெரிந்திருக்க வேண்டும். நான் இப்போது இருக்கும் துறையில் பல கூட்டம் பேசி, இதைத் தீர்மானமாக எழுதி வாங்கினோம். முதல் தடவை ஒரு பேராசிரியர் கோபித்துக்கொண்டு எழுந்து போனார். அடுத்த வருடம் அவரே ஒரு புது உதவிப் பேராசிரியருக்காக அந்தத் தீர்மானத்தை எடுத்துக் காட்டினார்.

25 ஜூன் 2025

“தகுதி இருந்தால் மேலே வரத்தான் செய்வார்கள்” என்று எழுதிய அன்பருக்கு.

நேர்முகத் தேர்வில் ஒதுக்கீட்டு இடத்துக்கு வந்த அத்தனை பேரையும் பார்த்துவிட்டு ‘தகுதியானவர் யாரும் இல்லை’ என்று எழுதி இடத்தைக் காலியாக விடுவார்கள். ஆங்கில முதலெழுத்துகளில் என்.எஃப்.எஸ். என்பார்கள். நெட் தகுதித் தேர்வு முடித்தவர், பிஎச்.டி. முடித்தவர், வெளிநாட்டு இதழில் கட்டுரை போட்டவர் எல்லாம் வந்த நேர்முகத்திலும் இந்த மூன்றெழுத்து விழுந்திருக்கிறது. 2023 டிசம்பரில் யு.ஜி.சி. வெளியிட்ட வரைவு வழிகாட்டுதலில், அப்படி நிரம்பாத இடங்களைச் சில சூழ்நிலைகளில் பொதுவாக மாற்றலாம் என்று ஒரு பகுதி இருந்தது. 2024 ஜனவரியில் எதிர்ப்பு கிளம்பியதும், ஒதுக்கீட்டை நீக்கும் திட்டம் இல்லை என்று கல்வி அமைச்சகம் விளக்கம் கொடுத்தது.

தகுதியை நான் மதிக்கிறேன். அதை யார், எந்த அறையில், எத்தனை நிமிடத்தில் அளக்கிறார்கள் என்று கேட்கிறேன்.

யார் எவ்வளவு பேர் உள்ளே வந்திருக்கிறார்கள் என்று அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பு 2021-22 சொல்வது: நாட்டில் கிட்டத்தட்ட 16 லட்சம் ஆசிரியர்கள். பெண்கள் 43.4 விழுக்காடு. பிற்படுத்தப்பட்டோர் 32.2, பட்டியல் சாதியினர் 9.1, பழங்குடியினர் 2.5.

2 ஜூலை 2025

லேப் இடம் பற்றி ஜூன் 14 அன்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு விட்டுவிட்டேன். அதை ஒருவர் பிடித்துக்கொண்டார்: “இடத்தைக்கூடவா கணக்குப் பார்க்க முடியும்?”

முடியும். டேப் எடுத்து அளந்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் உயிரியல் பேராசிரியர் நான்சி ஹாப்கின்ஸ், 1990களின் தொடக்கத்தில் வரிக்குதிரை மீன்கள் வளர்க்கிற தொட்டிகளுக்காக 200 சதுர அடி கூடுதலாகக் கேட்டார். கிடைக்கவில்லை. தன்னைவிட இளைய ஆண்களுக்கே தன்னைவிடப் பெரிய லேப் இருக்கிறது என்று சொன்னபோது நிர்வாகம் நம்பவில்லை. அவர் இரவில் அளவு டேப்போடு போய் ஒவ்வொரு லேபாக அளந்தார். அப்போது அங்கே அறிவியல் புலம் முழுவதிலும் நிரந்தரப் பதவியில் இருந்த பெண்கள் 15 பேர், ஆண்கள் 200 பேருக்கு நெருக்கம். அந்தப் பெண்கள் ஒருவரோடு ஒருவர் பேசிப் பார்த்தபோதுதான் எல்லோருக்கும் இதே கதை என்று தெரிந்தது. சம்பளம், இடம், பரிசு, பொறுப்பு எல்லாவற்றையும் கணக்கெடுத்தார்கள். 1999இல் அறிக்கை வெளியானது. பாகுபாடு இருந்தது என்று அந்தப் பல்கலைக்கழகத்தின் தலைவரே எழுத்தில் ஒப்புக்கொண்டார். 2001இல் அந்நாட்டுத் தேசிய அறிவியல் அறக்கட்டளை அட்வான்ஸ் என்ற திட்டத்தைத் தொடங்கி, பெண் ஆசிரியர்களைத் தக்கவைக்கும் வேலைக்குப் பல்கலைக்கழகங்களுக்குப் பணம் கொடுத்தது. அதில் மிச்சிகன் பல்கலைக்கழகம் செய்தது எனக்குப் பிடித்தது. வெளியிலிருந்து பயிற்சியாளரைக் கூப்பிடவில்லை. துறைகளில் மரியாதை உள்ள மூத்த பேராசிரியர்களையே படிக்க வைத்து, தேர்வுக் குழுக்களோடு உட்கார்ந்து பேச அனுப்பியது.

அந்த டேப் கதையைப் படித்த பிறகு எங்கள் துறையிலும் ஒரு பட்டியல் போட்டோம். ஒவ்வொருவருக்கும் எத்தனை மேசை, நச்சுப் புகையை வெளியேற்றும் ஃபியூம் ஹுட் யார் கையில், யு.வி. கருவி அறையின் சாவி யாரிடம். சாவி ஒருவரிடமே இருந்தது. அவர் விடுப்பில் போனால் அறை பூட்டியே கிடக்கும். இப்போது சாவி அலுவலகத்தில் இருக்கிறது, பக்கத்தில் லாக் புத்தகம். பெயர், நேரம், சாம்பிள், கையெழுத்து. இதற்கு எந்த நிதியும் தேவைப்படவில்லை.

9 ஜூலை 2025

மிச்சிகன் என்று எழுதியதும் தாவரவியல் ஆராய்ச்சியாளர் ஜானகி அம்மாள் நினைவு வந்துவிட்டது. கொஞ்சம் தள்ளிப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தலச்சேரியில் 1897இல் பிறந்தவர். சென்னை ராணி மேரி கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்து, கிறித்தவ மகளிர் கல்லூரியில் பாடம் எடுத்தார். ஆசியப் பெண்களுக்கென்று மிச்சிகன் பல்கலைக்கழகம் வைத்திருந்த பார்பர் உதவித்தொகையில் அங்கே போய் 1931இல் முனைவர் ஆனார். கோயம்புத்தூர் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் கரும்பை மற்ற புல் இனங்களோடு கலந்து கலப்பினம் உண்டாக்கும் வேலையைச் செய்தார். அவ்வளவு பெரிய வேலை. ஆனால் தனியாக வாழும் பெண், அதுவும் பிற்படுத்தப்பட்டதாகக் கருதப்பட்ட சமூகம். கூட வேலை பார்த்தவர்களோடு ஒத்துப்போகவில்லை. இங்கிலாந்து போய்விட்டார். பின்னால் அவரை அழைத்து வந்தார்கள். கடைசிக் காலத்தில் மதுரவாயலில், சென்னைப் பல்கலைக்கழகத்தின் கள ஆய்வு நிலையத்தில் வேலை செய்துகொண்டே 1984இல் காலமானார்.

நான் இதில் பார்ப்பது ஒன்றுதான். அவரைப் படிக்க வைத்தது, பெண்களுக்கென்று ஒதுக்கிய கல்லூரியும் பெண்களுக்கென்று ஒதுக்கிய உதவித்தொகையும். ஆட்களைக் கொண்டுவருகிற ஏற்பாடு அன்றைக்கே இருந்தது. வந்தவரைத் தாங்கிக்கொள்கிற ஏற்பாடு கோயம்புத்தூரில் இல்லை.

11 ஜூலை 2025

ஓரியன்டேஷன், ரெஃப்ரெஷர் என்ற ஆசிரியர் பயிற்சி வகுப்புகள் எல்லாம் சான்றிதழ் வியாபாரம் என்று முதல் கேள்வி கேட்டவர் மறுபடி எழுதியிருக்கிறார்.

பாதி உண்மை. 1986 தேசியக் கல்விக் கொள்கையை ஒட்டி அகாடமிக் ஸ்டாஃப் காலேஜ் தொடங்கினார்கள். பிறகு அதற்கு மனிதவள மேம்பாட்டு மையம் என்று பெயர். 2023லிருந்து மாளவியா பெயரில் ஆசிரியர் பயிற்சி மையம். போர்டு இரண்டு தடவை மாறிவிட்டது. முதல் படி ஏறவே ஓரியன்டேஷன் சான்றிதழ் கட்டாயம் என்பதால் எல்லோரும் போகிறோம். சில வகுப்புகளில் தூக்கம் வரும். அதையும் மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் என் ஓரியன்டேஷன் எனக்கு வேறு ஒன்றைக் கொடுத்தது. தங்கிப் படிக்கும் ஏற்பாடு. தேனிப் பக்கமிருந்து வந்த தமிழ் ஆசிரியை, கடலூரிலிருந்து வந்த புள்ளியியல் ஆசிரியர், நான். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஹாஸ்டல் வராந்தாவில் உட்கார்ந்து ஒருவர் டைம்டேபிளை ஒருவர் பார்த்தோம். மூன்று பேருடையதும் ஒரே மாதிரிக் கந்தல். அன்றைக்குத்தான் இது என் திறமைக் குறைவால் வந்ததில்லை என்று எனக்கு உறுதியானது. அந்தத் தமிழ் ஆசிரியை, சி.ஏ.எஸ். ஃபைலுக்கு முதல் நாளிலிருந்தே காகிதம் சேர்க்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார். தேர்வுப் பணி உத்தரவா, ஒரு நகல் எடு. கருத்தரங்கமா, அழைப்பிதழையும் வருகைச் சான்றையும் சேர்த்துக் குத்து. இன்றைக்கும் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுகிறேன்.

கொரோனாவுக்குப் பிறகு பெரும்பாலும் ஆன்லைன். கைக்குழந்தை வைத்திருப்பவர்களுக்கு இது பெரிய உதவி, அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். முன்பெல்லாம் குழந்தையைப் பிரிந்து மூன்று நான்கு வாரம் இருக்க முடியாமல் ஓரியன்டேஷனைத் தள்ளிப்போட்டு, அதனாலேயே பதவி உயர்வு தள்ளிப்போன பெண்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் திரையில் வராந்தா கிடையாது. குழந்தையோடும் அம்மாவோடும் வந்து தங்க ஓர் அறை கொடுத்தால் இரண்டும் கிடைக்கும்.

12 ஜூலை 2025

நேற்று எழுதியதன் தொடர்ச்சி. ‘ஆசிரியர் மேம்பாடு’ என்றால் என் மனதில் வருவது ஒரு பென்சில்.

முதல் ஆராய்ச்சித் திட்டத்தை எழுதி முடித்துவிட்டு யாரிடம் காட்டுவது என்று தெரியாமல் வைத்திருந்தேன். இயற்பியல் துறையில் ஓய்வுபெறும் வயதில் ஒரு சார். என் சமூகமும் இல்லை, என் துறையும் இல்லை. கேன்டீனில் பழக்கம். “கொண்டாம்மா, பார்ப்போம்” என்றார். மறுநாள் திருப்பிக் கொடுத்தபோது முதல் பக்கம் முழுக்கப் பென்சில் கோடு. நான் பாடுபட்டு எழுதிய பெரிய வார்த்தைகள் எல்லாம் அடிபட்டிருந்தன. ஓரத்தில் மூன்று கேள்வி: “என்ன கண்டுபிடிக்கப் போகிறாய்? இதுவரை யாரும் ஏன் செய்யவில்லை? இந்தக் கருவி இல்லாமல் செய்ய முடியாதா?” பட்ஜெட் பக்கத்தில், வாங்கும் கருவிக்குப் பராமரிப்புச் செலவு போடவில்லை என்று வட்டம் போட்டிருந்தார். அதைத் திருத்தி அனுப்பிய திட்டம்தான் எனக்கு லேப் கொடுத்தது.

புதுசாகச் சேர்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை: செர்ப் (மத்திய அரசின் அறிவியல், பொறியியல் ஆராய்ச்சி வாரியம்) பெண்களுக்கென்று 2020இல் தொடங்கிய பவர் திட்டம், பட்டியல் சாதி, பழங்குடி ஆராய்ச்சியாளர்களுக்கான இ.இ.க்யூ. திட்டம், மாநிலப் பல்கலைக்கழக ஆசிரியர்களுக்கான ஷ்யூர் திட்டம். செர்ப் இப்போது புதிய தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்குள் போய்விட்டதால், எது எந்தப் பெயரில் தொடர்கிறது என்று அவர்கள் இணையதளத்திலேயே பாருங்கள். கதவு இருப்பது தெரியாமலே இருப்பவர்கள் நிறையப் பேர். தெரிந்தாலும், எழுதியதைப் படித்துப் பார்க்க ஆள் இல்லாதவர்கள் அதைவிட நிறையப் பேர்.

20 ஜூலை 2025

ஒரு கௌரவ விரிவுரையாளர் எழுதியிருக்கிறார்: “மேடம், நீங்க உள்ளே இருக்கிறவங்க பிரச்சினையையே பேசுறீங்க. எங்களுக்கு மேம்பாடும் இல்லை, ரோஸ்டரும் இல்லை.”

தம்பி, நீங்கள் சொல்வது நூற்றுக்கு நூறு சரி. யு.ஜி.சி. 2019இல் கௌரவ விரிவுரையாளருக்கு ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதம் 50,000 வரை என்றது. அரசுக் கல்லூரிகளில் இங்கே 2025இல் 25,000தான் கொடுத்தார்கள். 2024இல் சென்னை உயர் நீதிமன்றமும் 50,000 கொடுக்கச் சொன்னது. அதே 2024 மார்ச்சில் 4,000 உதவிப் பேராசிரியர் பணியிடத்துக்கு ஆசிரியர் தேர்வு வாரியம் அறிவிப்பு விட்டது. 2025 ஜூலை வரை தேர்வு நடக்கவில்லை. இதற்கிடையில் எத்தனை பேருக்கு வயது ஏறிவிட்டது.

பன்முகத்தன்மையைத் தேடுகிறவர்கள் கௌரவ விரிவுரையாளர் அறைக்குப் போய்ப் பார்க்கட்டும். முதல் தலைமுறைப் பட்டதாரிகள், பெண்கள், கிராமத்திலிருந்து பஸ் பிடித்து வருகிறவர்கள் எல்லாரும் அங்கே இருக்கிறார்கள். நான் அந்த அறையில் இருந்தபோது எங்களுக்கு நாற்காலி குறைவு. முதல் மணி முடித்தவர் எழுந்தால்தான் அடுத்தவர் உட்கார முடியும். கோடை விடுமுறை மாதத்தில் சம்பளம் கிடையாது. அந்த மாதத்து வாடகைக்கு நான் டியூஷன் எடுத்தேன்.

ஒன்றாவது உடனே செய்யலாம். பயிற்சி வகுப்புகளில் அவர்களையும் சேர்க்கட்டும், நூலகத்தில் இதழ்களைப் பார்க்கும் அனுமதி கொடுக்கட்டும். பின்னால் நிரந்தரப் பணிக்கு விண்ணப்பிக்கும்போது கையில் கட்டுரை இருக்கும்.

3 ஆகஸ்ட் 2025

பிரசவ விடுப்பு எடுத்தால் சி.ஏ.எஸ். அடிபடுமா என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். ஒருவர் துறையில், “ஒரு வருஷம் வீட்ல இருந்துட்டு எப்படிம்மா பிரமோஷன் கேக்குற?” என்று சொல்லியிருக்கிறார்கள்.

விதி தெளிவாக இருக்கிறது. யு.ஜி.சி. 2018 விதிமுறையின் இரண்டாம் பின்னிணைப்பு, முதல் அட்டவணை, அதன் கீழே உள்ள குறிப்பைப் படியுங்கள். பிரசவ விடுப்பு, குழந்தை வளர்ப்பு விடுப்பு, மருத்துவ விடுப்பு, படிப்பு விடுப்பு எல்லாவற்றையும் மதிப்பீட்டுக் காலத்திலிருந்து கழித்துவிட்டு, மீதிக் காலத்தில் செய்ததை வைத்து முழுக் காலத்துக்கும் கணக்கிட வேண்டும். விடுப்பில் இருந்ததால் பதவி உயர்வில் எந்தப் பாதிப்பும் வரக் கூடாது என்று அந்தக் குறிப்பிலேயே இருக்கிறது. தமிழ்நாட்டில் 2021 ஜூலையிலிருந்து பிரசவ விடுப்பு 12 மாதம். இந்த இரண்டையும் நகல் எடுத்து ஃபைலின் முதல் பக்கத்தில் வையுங்கள். வாயால் வாதாட வேண்டாம். பிரிவு எழுத்தருக்கு முன்னால் காகிதம்தான் பேசும்.

கமிட்டிகளையும் சொல்லிவிடுகிறேன். பெண் ஆசிரியர் என்றால் வரவேற்புக் குழு, கலை நிகழ்ச்சி, மாணவியர் விடுதி, குத்துவிளக்கு, பூங்கொத்து. ஆண் ஆசிரியர் என்றால் கொள்முதல் குழு, பாடத்திட்டக் குழு, தேர்வுக் குழு. பட்டியல் சாதி ஆசிரியர் என்றால் எஸ்.சி., எஸ்.டி. செல், வேறு எதுவும் கிடையாது. எல்லாக் கமிட்டியும் வேலைதான். ஆனால் எங்கே பணமும் பாடத்திட்டமும் முடிவாகிறதோ அந்த மேசையில் ஒரே முகங்கள். என் தோழி ஒருத்தி விடுதி வார்டனாகவே ஆறேழு வருடம் இருந்தாள். தண்ணீர் லாரி வரவில்லை என்று நடு இரவில் போன் வரும். அந்த வருடங்களில் அவளுக்குக் கட்டுரையே இல்லை. அவள் ஃபைலைப் பார்த்த குழு, வார்டன் வேலைக்கு எத்தனை மதிப்பெண் போட்டது என்று கேட்காதீர்கள்.

10 ஆகஸ்ட் 2025

முதலில் கேள்வி கேட்ட அதே வாசகர்: “சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இதற்கும் ஒரு இயக்குநர் வேண்டுமா?”

வேண்டாம் என்றுதான் நினைக்கிறேன். ஒரு காகிதம் போதும். எங்கள் துறையில் ஒவ்வொரு செமஸ்டர் தொடக்கத்திலும் நோட்டீஸ் போர்டில் ஒட்டுகிறோம். மாதிரி அனுப்பச் சொல்லிக் கேட்டவர்களுக்காக இங்கேயே எழுதுகிறேன்.

ஒரு ஆசிரியருக்கு ஒரு வரி. முதல் கட்டத்தில் பெயர், சேர்ந்த தேதி. அடுத்து இந்த செமஸ்டரில் எடுக்கும் பேப்பர்கள், அதில் முதல் தடவையாக எடுப்பது எது என்ற குறி. பிராக்டிகல் மணி நேரம் தனியாக. வாரத்தில் வகுப்பே இல்லாத நாள் எத்தனை. இப்போது கையில் இருக்கும் ஸ்காலர்கள் எத்தனை, அதில் உதவித்தொகை உள்ளவர் எத்தனை. லேபில் எத்தனை மேசை. எந்தெந்தக் கமிட்டி, எத்தனை வருடமாக. அடுத்த சி.ஏ.எஸ். தேதி எப்போது, அதற்கு இன்னும் என்ன குறைகிறது. கடைசிக் கட்டம், இந்த ஆசிரியரின் திட்டத்தையோ கட்டுரையையோ படித்துக் கொடுக்க ஒப்புக்கொண்ட மூத்தவர் பெயர், அவர் கையெழுத்தோடு.

சாதி, பால் என்று எந்தக் கட்டமும் அதில் கிடையாது. போர்டின் முன்னால் நிற்கிற எல்லோருக்கும் அது தெரியும்.

முதல் தடவை ஒட்டிய அன்று மதியமே ஒருவர் தன் வரியைக் கிழித்துவிட்டார். மறுபடி அச்சடித்துக் கண்ணாடிக்குள் வைத்தோம். இப்போது புதிதாகச் சேர்கிறவர்கள் முதல் வாரத்திலேயே அதைப் போனில் படம் எடுத்துக்கொள்கிறார்கள். செப்டம்பரில் எங்கள் துறையில் இருவருக்கு சி.ஏ.எஸ். நேர்முகம் இருக்கிறது. அதில் ஒருவருடைய பிரசவ விடுப்புக் கணக்கு இன்னும் பிரிவு அலுவலகத்தில் நிற்கிறது. திங்கட்கிழமை அந்தக் குறிப்பின் நகலோடு நானும் கூடப் போகிறேன்.